பெட்டியில் உறங்கும் நூல்

 

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே ஐயம்பேட்டை என்றோர் ஊர் இருக்கிறது. பட்டுத் தறி ஊர். ஆர்க்காட்டு நவாப் வாலாஜா முஹம்மது அலி அவர்களின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத்துக்குப் போகிறவர்கள் இந்த ஊரைக் கடந்துதான் போவார்கள். காலையில் தெருவோடு நடந்தால் குழித்தறியில் மிதி ஏறி இறங்கும் ஓசை காதில் விழும். நூலைத் தவிர வேறு பேச்சில்லாத ஊர் அது என்றாலும் மிகையாகாது. அங்கே ஒரு வீட்டில் ளுஹர் தொழுகைக்குப் பிறகு பெண்களுக்காக ஒரு சிறு பயான் ஏற்பாடாகியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் தாய்மார்கள். இந்தப் பக்கம் நாம். பேசி முடித்ததும் ஒரு சிறுவன் நாலாக மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தான்.

வழக்கமாக வரும் கேள்விகள் நமக்குத் தெரியும். கழா நோன்பு, நகைக்கு ஜகாத், சீட்டுப் பிடிக்கலாமா என்பன. இந்தக் கேள்வி வேறு. கேட்ட சகோதரியின் சம்மதம் பெற்ற பிறகே இதை எழுதுகிறோம். அவர் எழுதியிருந்ததன் சாரம் இது:

“ஹஜரத், எனக்குப் பின்னல் வேலை தெரியும். குரோஷாவும் தெரியும். நூலைக் கண்டால் வாங்காமல் வர முடியவில்லை. கடைக்குப் போனால்தான் என்றில்லை, இப்போது போனிலேயே பார்த்துப் பார்த்து வாங்குகிறேன். கட்டிலுக்கு அடியில் இரண்டு டிரங்குப் பெட்டி, பரணில் ஒரு மூட்டை. நூற்கலாம் என்று ஒரு பெட்டி ராட்டையும் பஞ்சும் வாங்கினேன். நாலு நாள் சுற்றியதோடு சரி. பிள்ளைகளின் அத்தாவுக்குப் பாதிதான் தெரியும். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும், சில சமயம் பிள்ளையின் டியூஷன் பணத்தைத் தள்ளிப் போட்டும் வாங்கியிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் மாமி, ‘மார்கழியில் பஜ்ருக்கு எழுந்தால் தோள் நடுங்குகிறது’ என்றார்கள். ‘இந்தக் குளிருக்குள் சால்வை பின்னித் தருகிறேன் மாமி’ என்று சொல்லிப் பழுப்புக் கம்பளி நூல் எட்டு உருண்டை வாங்கினேன். ஒரு சாண் கூடப் பின்னவில்லை. மாமி மௌத்தாகிவிட்டார்கள். அந்த நூல் இன்னும் பெட்டியில் இருக்கிறது. நான் செய்வது இஸ்ராஃபா? அந்த நூலை என்ன செய்வது?”

இதைப் படித்ததும் உடனே பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. ஏனென்றால் நம் வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத கிதாபுகள் இரண்டு தட்டு நிறைய இருக்கின்றன. வாங்கும்போது எல்லாவற்றையும் ஓதிவிடுவோம் என்ற நிய்யத்தோடுதான் வாங்கினோம். ஆகவே இந்தக் கட்டுரையில் உபதேசம் செய்கிறவர் ஒருவர், கேட்டுக் கொள்கிறவர் ஒருவர் என்றில்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கைவேலை தீனில் இழிவானதன்று; மிகவும் உயர்வானது. ஹஜ்ரத் தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று ஸஹீஹ் புகாரியில் வருகிறது. இரும்பு வளையங்களைக் கோத்துக் கவசம் செய்த கை அது. உம்முல் முஃமினீன் ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை எடுத்துக் கொள்ளுங்கள். தம் மனைவியரில் நீண்ட கையுடையவரே தமக்குப் பின் முதலில் வந்து சேர்வார் என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். அன்னையர்கள் வெகுளித்தனமாகத் தங்கள் கைகளை அளந்து பார்த்துக் கொண்டார்கள். அளவில் ஸவ்தா (ரலி) அவர்களின் கைதான் நீளம். ஆனால் ஹிஜ்ரி 20-இல் முதலில் வஃபாத்தானவர்கள் உருவத்தில் சிறிய ஜைனப் (ரலி) அவர்கள். அப்போதுதான் கை நீளம் என்பதன் பொருள் மற்றவர்களுக்கு விளங்கியது. அந்த அம்மையார் தம் கையால் தோல் பதனிட்டு, தைத்து, அதில் வந்ததைத் தருமம் செய்து கொண்டிருந்தார்கள். அந்தக் கைதான் நீண்ட கை.

ஸஹ்லுப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு நிகழ்ச்சியும் நமக்கு மிகவும் பிடித்தது. ஒரு பெண்மணி, கரை வைத்து நெய்த போர்வை ஒன்றை ரஸூலுல்லாஹ்விடம் கொண்டு வந்தார். தாமே தம் கையால் நெய்ததாகவும், அவர்கள் உடுத்த வேண்டும் என்பதற்காகவே கொண்டு வந்ததாகவும் சொன்னார். அப்போது அவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. ஏற்றுக் கொண்டு, அதையே இடுப்பில் உடுத்திக் கொண்டு வெளியே வந்தார்கள். அங்கிருந்த ஒருவர் அதை விரும்பிக் கேட்டார். அவருக்கே கொடுத்துவிட்டார்கள். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லாதவர்களிடம் இப்படிக் கேட்கலாமா என்று தோழர்கள் அவரைக் கடிந்து கொண்டார்கள். அவரோ, நான் உடுத்தக் கேட்கவில்லை, எனக்குக் கபனாக வேண்டுமென்றே கேட்டேன் என்றார். அப்படியே அவருக்கு அதுவே கபனாயிற்று.

பெயர் கூடத் தெரியாத ஒரு பெண்ணின் கையால் ஆன துணி, நபிகள் நாயகத்தின் திருமேனியில் பட்டு, ஒரு ஸஹாபியின் கபனாக மண்ணுக்குள் போயிற்று. அவருடைய நூல் பெட்டியில் கிடந்திருந்தால் இந்த ஹதீஸே இல்லை.

ஆகவே எந்தச் சகோதரியும் இதைப் படித்துவிட்டு ஊசியைக் கீழே வைத்துவிட வேண்டாம். எந்த ஆண்மகனும் இந்த ஏட்டை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டி, “பார், ஹஜரத்தே எழுதிவிட்டார்” என்று வெற்றி முழக்கம் செய்யவும் வேண்டாம். தினம் ஐந்து டீயும், இரண்டு வருஷத்துக்கு ஒரு புதுப் போனும், நண்பர்களோடு பிரியாணியும் என்று தம் கணக்கைத் திறந்தே வைத்திருப்பவர்கள், மனைவியின் நூல் கணக்கை மட்டும் மூடச் சொல்வது நியாயமன்று. நாம் பேசுவது பின்னுவதைப் பற்றியல்ல. பின்னாமல் வாங்குவதைப் பற்றி.

திருக்குர்ஆனில் நூல் நூற்கும் ஒரு பெண் வருகிறாள். சூரத்துந் நஹ்ல் 92-ஆம் ஆயத்து. உறுதியாக நூற்று முறுக்கிய நூலைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கிவிட்ட அவளைப் போல் நீங்கள் ஆகிவிடாதீர்கள் என்று அல்லாஹு தஆலா எச்சரிக்கிறான். மக்காவில் இப்படி ஒரு பேதைப் பெண் இருந்ததாக முஃபஸ்ஸிர்கள் சிலர் எழுதுகிறார்கள். உவமை என்று சொன்னவர்களும் உண்டு.

பயான் செய்கிறவர்கள் பலரும் இந்த ஆயத்தை வீண் வேலைக்கு ஆதாரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவது வழக்கம். அது சரியன்று. முன் ஆயத்தையும் சேர்த்து ஓதிப் பார்த்தால் பேச்சு நூலைப் பற்றியதே அல்ல என்பது விளங்கும். கொடுத்த வாக்கை, செய்த சத்தியத்தை, உறுதியாக்கிய பின் முறிப்பதைப் பற்றியது அது. நூல் அங்கே உவமைதான். ஐயம்பேட்டைச் சகோதரியின் காகிதத்தைக் கையில் வைத்துக் கொண்டிருந்தபோதுதான் அந்த உவமையின் ஆழம் நமக்கே புரிந்தது. ஒருவருக்கென்று பெயர் சொல்லி வாங்கிய நூல் ஒரு வாக்கு. “இந்தக் குளிருக்குள் தருகிறேன்” என்று சொன்ன நிமிஷத்தில் அந்த நூல் மாமியுடைய எதிர்பார்ப்பில் சேர்ந்துவிட்டது. நூற்றதைப் பிரித்தாள் அந்தப் பெண். நாமோ நூற்பதற்கு முன்பே விட்டுவிடுகிறோம். சால்வை வரும் என்று மூன்று மார்கழி ஒரு தாய் காத்திருந்தாரா, மறந்துவிட்டாரா, அல்லாஹ்வே அறிவான். நம் காஞ்சிப் பகுதியில் கம்பளி போர்த்தும் குளிர் வருஷத்தில் எத்தனை நாள் என்று இளைஞர்கள் சிரிக்கலாம். எழுபது வயதில் குளிர்ந்த தண்ணீரில் உளூச் செய்து பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

சரி, ஏன் இப்படி வாங்குகிறோம்? பேராசை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆதமின் மகனுக்கு ஒரு பள்ளத்தாக்கு நிறையத் தங்கம் இருந்தாலும் இரண்டாவதைத் தேடுவான் என்ற கருத்துடைய ஹதீஸை ஓதி முடித்துவிடலாம். ஆனால் இதில் அதைவிட நுட்பமான ஒரு ஏமாற்று இருக்கிறது. வாங்குவதிலேயே செய்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. அந்தப் பழுப்பு நூலைக் கையில் எடுத்தபோதே, மாமியின் தோளில் சால்வை கிடப்பது அந்தச் சகோதரியின் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அந்த மகிழ்ச்சி கடையிலேயே கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் மிஞ்சியிருப்பது உழைப்பு மட்டும். நஃப்ஸு மகிழ்ச்சியை எடுத்துக் கொண்டு உழைப்பைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறது. அடுத்த மகிழ்ச்சிக்கு அடுத்த நூல்.

இது தனி மனிதர்களுக்கு மட்டும் நேர்வதன்று. கிலாபத் இயக்க காலத்தில் நம் முன்னோர்கள் கதரை எப்படி ஏற்றுக் கொண்டார்கள் என்பது முதியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். முஹம்மது அலி, ஷவ்கத் அலி சகோதரர்களின் தாயார் ‘பீ அம்மா’ ஆபாதி பானு பேகம் முதிய வயதில் ஊர் ஊராகச் சென்று பேசினார்கள். கதர் உடுத்துமாறு பெண்களைக் கேட்டுக் கொண்டார்கள். அந்த அம்மையார் 1924-இல் வஃபாத்தானார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பெல்காமில் காந்தியடிகள் தலைமையில் கூடிய காங்கிரஸ், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் தர வேண்டும் என்று விதி செய்தது. தானே நூற்றுத் தருவதே நோக்கம். ஆனால் நோயாளிகளுக்கும், நூற்க மனமில்லாதவர்களுக்கும் பிறர் நூற்ற நூலைத் தரலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள். மனமில்லாதவர் வாங்கிக் கொடுத்தாலும் கணக்கில் சேரும் என்றால் என்ன நடக்கும்? விதி ஓராண்டு கூட நிலைக்கவில்லை. 1925 செப்டம்பரில் பாட்னாவில் அதைத் தளர்த்தினார்கள். நூற்பதை மெய்யாகவே விரும்பியவர்களுக்கென்று அப்போது தனியே சர்க்கா சங்கம் ஏற்பட்டது. ராட்டையைச் சுற்றுவதும் நூலை வாங்குவதும் ஒன்றாகாது என்பதை ஒரு பெரிய இயக்கமே அனுபவித்துத்தான் தெரிந்து கொண்டது. நம் சகோதரியின் பெட்டி ராட்டை நாலு நாளில் நின்றதில் ஆச்சரியமில்லை.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் இந்த நஃப்ஸை நன்கு அறிந்தவர்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி வாங்கிச் செல்வதைக் கண்டு விசாரித்தார்கள். ஆசையாக இருந்தது, வாங்கினேன் என்றார்கள் ஜாபிர். ஆசைப்படும்போதெல்லாம் வாங்கிவிடுவதா என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் கேட்ட கேள்வி கிதாபுகளில் பதிவாகியிருக்கிறது. இறைச்சி ஹலால்தான், பணம் ஜாபிருடையதுதான். ஆயினும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது.

இனி, “இது இஸ்ராஃபா?” என்ற கேள்விக்கு வருவோம். வீட்டில் உபரியாக நூல் இருப்பதாலேயே ஒருவர் பாவியாகிவிட மாட்டார். சூரத்துல் ஃபுர்கான் 67-ஆம் ஆயத்தில், ரஹ்மானின் நல்லடியார்கள் செலவு செய்தால் ஊதாரித்தனமும் செய்ய மாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்ய மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள் என்று அல்லாஹ் வர்ணிக்கிறான். நடு எது என்பது வீட்டுக்கு வீடு மாறும். பத்து உருண்டை ஒரு வீட்டில் நடுத்தரம். இன்னொரு வீட்டில் விரயம். ஆனால் மூன்று அடையாளங்கள் தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. கடன் நிற்கும்போது வாங்குவது, பிறர் ஹக்கிலிருந்து எடுத்து வாங்குவது, வாங்கியதை மறைப்பது.

அந்தச் சகோதரி வீட்டில் மூன்றில் இரண்டு இருந்தன. பிள்ளையின் டியூஷன் பணம் பிள்ளையின் ஹக்கு. கணவர் வீட்டுச் செலவுக்கென்று தந்த தொகை வீட்டுக்கானது. ஹிந்த் பின்த் உத்பா (ரலி) அவர்கள், தம் கணவர் அபூஸுஃப்யான் கையிறுக்கமானவர் என்று முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் முறைப்படி போதுமான அளவு எடுத்துக் கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அனுமதித்தார்கள். இந்த ஹதீஸை நம் தாய்மார்கள் நன்றாகவே மனனம் செய்து வைத்திருக்கிறார்கள்! ஆனால் அனுமதி போதுமான அளவுக்கு, அதுவும் முறைப்படி. மூன்றாவது டிரங்குப் பெட்டிக்கு அது தஸ்தாவேஜு ஆகாது.

மறைப்பது இதில் எல்லாவற்றையும்விடத் துயரமானது. பார்சல் வருகிற நேரம் பார்த்து வாசலில் நிற்பது, விலைச் சீட்டைக் கிழித்துப் போடுவது, “இது பழையதுதான்” என்று சொல்வது. ஒரு ஹலாலான கைவேலை, வாயைப் பொய்க்குப் பழக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறது. நூலின் விலையைவிட இந்த விலை அதிகம்.

ஜகாத்தைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறோம். சொந்த உபயோகத்துக்கென்று வாங்கி வைத்த நூலுக்கு ஜகாத் இல்லை. பின்னி விற்பதற்கென்றே வாங்கியிருந்தால் அது வியாபாரச் சரக்கு. நிஸாபை எட்டி ஆண்டு நிறைந்தால் அதன் மதிப்பும் கணக்கில் சேரும். “விற்கத்தான் வாங்கினேன்” என்று கணவரிடமும், “எனக்குத்தான் வாங்கினேன்” என்று ஜகாத் மாதத்திலும் சொல்லலாகாது.

ஐயம்பேட்டையில் இருந்துகொண்டு கணக்கைப் பற்றி நாம் தூரமாகப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் தறிக்காரருக்குப் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துத்தான் கொடுக்கிறார்கள். பாவுக்கு இவ்வளவு, ஊடைக்கு இவ்வளவு, ஜரிகை இவ்வளவு என்று புத்தகத்தில் ஏறுகிறது. நெய்து முடித்த சேலையைக் கொண்டு வந்தால் மறுபடியும் தராசில் வைக்கிறார்கள். கச்சாப் பட்டைச் சோப்புத் தண்ணீரில் காய்ச்சிப் பசை நீக்கும்போது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எடை போய்விடும். அது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கழிவுக்கும் கணக்கு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் தறிக்காரர் பதில் சொல்ல வேண்டும். எங்கே போயிற்று என்று கேட்பார்கள். வீட்டில் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று அவர் சொல்ல முடியுமா? பத்திரமாக இருப்பதற்காகவா கொடுத்தது?

மஹ்ஷரில் அடியான் கால் பெயர்வதற்கு முன் கேட்கப்படும் கேள்விகளில், பொருளை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவு செய்தாய் என்பதும் உண்டு என்று திர்மிதி ஷரீஃபில் வருகிறது. வயதை எதில் கழித்தாய் என்பதும் அதே ஹதீஸில் உண்டு. நூல் கணக்கில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. நூல் வாங்கும்போது பணத்தை மட்டும் கொடுக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதைப் பின்னுவதற்கான நாட்களையும் சேர்த்து வாங்கியதாக மனக்கணக்குப் போடுகிறோம். ஒரு சால்வைக்கு ஒரு மாதம் என்றால், அந்த மூன்று பெட்டிக்கும் எத்தனை வருஷம்? அந்த வருஷங்களை எந்தக் கடையில் வாங்குவது?

அதே தறியிலிருந்து நடைமுறை ஒன்றையும் எடுத்துக் கொள்ளலாம். பாவு பொதுவாக மூன்று சேலைக்கு ஏற்றுவார்கள். அந்தப் பாவு நெய்து தீருமட்டும் தறியில் புதுப் பாவு ஏறாது. தீரும்போது பழைய பாவின் நுனி இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை, பொறுமையான வேலை. பழையது முடிந்த இடத்தில்தான் புதியதற்கு நுழைவு. வீட்டில் ஊசி பிடிக்கிறவர்களும் இப்படியே வைத்துக் கொள்ளலாம். கையிலிருப்பது முடிந்து, அது யாருக்கென்று எண்ணினோமோ அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்த நூல். அதையும் முதலில் பெட்டியில் தேட வேண்டும்.

ஹிஜ்ரத்தின்போது அஸ்மா பின்த் அபூபக்கர் (ரலி) அவர்கள் உணவுப் பையைக் கட்டக் கயிறு தேடிக் கடைக்கு ஓடவில்லை. தம் இடுப்புக் கச்சையையே இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். ‘இரு கச்சையுடையார்’ என்ற பட்டமே அதனால் வந்தது.

இன்னும் சில சொல்கிறோம். பெட்டி, மூட்டை எல்லாவற்றையும் ஒரு நாள் பாயில் கொட்டிப் பாருங்கள். தனியாக வேண்டாம், கணவரையும் பிள்ளைகளையும் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். அந்த வெட்கம் நல்லது. ஹயா ஈமானில் ஒரு கிளை. பூச்சி அரித்தது எவ்வளவு, சாயம் மங்கியது எவ்வளவு என்று பாருங்கள். ஆரம்பித்துப் பாதியில் நிற்பவற்றைத் தனியே எடுங்கள், அவைதான் முதலில். ஒருபோதும் பின்னப் போவதில்லை என்று உங்கள் மனமே சொல்கிறதே, அவற்றை மத்ரஸாவில் ஓதும் பெண் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நூல் வாங்க வசதியில்லாமல், கற்றுக் கொள்ளும் ஆசையோடு மட்டும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்! நல்லதைக் கொடுங்கள். அரித்ததையும் சிக்கியதையும் மட்டும் பொறுக்கிக் கொடுத்துவிட்டு சதகா என்று பெயர் வைக்காதீர்கள். நாமே கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்றிருக்கும் பொருளை அல்லாஹ்வின் பாதையில் கொடுக்க நாடலாகாது என்பது பகரா சூராவின் 267-ஆம் ஆயத்து காட்டும் ஒழுக்கம்.

சிறு மிச்சங்களில் பச்சிளம் குழந்தைக்குக் குல்லாய் ஆகும். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமாகும் ஏழைத் தாய்மார்களுக்கு அது எந்த மதத்தவர் பின்னியது என்று கேட்கத் தோன்றாது. நாமும் எந்த மதத்துக் குழந்தை என்று கேட்க வேண்டாம். ஆண்களுக்குத் தொழுகைத் தொப்பி பின்னுகிறவர்கள் பட்டு நூலைத் தவிர்த்துக் கொள்ளுங்கள். பட்டு நம் பெண்களுக்கு ஆகும், ஆண்களுக்கு ஆகாது.

இவ்வளவையும் கேட்டு உற்சாகத்தில், “இனி நூலே வாங்க மாட்டேன், அல்லாஹ் மீது ஆணை” என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறோம். முறிந்தால் கஃப்பாரா வந்து சேரும். பத்து ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், அல்லது பத்துப் பேருக்கு ஆடை கொடுக்க வேண்டும். வசதியில்லாவிட்டால் மூன்று நோன்பு. ஆடை என்றதும், “பெட்டியில்தான் நூல் இருக்கிறதே!” என்று திரைக்குப் பின்னால் ஒரு பெரியம்மா சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சத்தியம் வேண்டாம், வரும் ரமளான் வரை பார்க்கிறேன் இன்ஷா அல்லாஹ் என்ற எண்ணம் போதும்.

போனில் வரும் விளம்பரங்களை நிறுத்திவிடுங்கள். பஜாருக்குப் போவதைவிட பஜார் தலையணைக்கு அருகில் வந்துவிட்டது பெரிய சோதனை. தூக்கம் வராத இரவில் திறந்தால் நூல் கடை. அதை மூடி வைத்து இரண்டு ரக்அத் தஹஜ்ஜுத் தொழுதவர்களுக்கு அந்த இரவு வீணாகாது.

இனி அந்தப் பழுப்பு நூல்.

சகோதரி திரைக்கு அப்பாலிருந்து குரல் கம்மக் கேட்டார்: “மாமிதான் இல்லையே ஹஜரத், இப்போது பின்னி யாருக்கு?” ஹஜ்ரத் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள் தம் வஃபாத்து நேரத்தில், உடுத்தியிருந்த பழைய துணியையே கழுவி, அதோடு வேறு துணி சேர்த்துக் கபனிடச் சொன்னார்கள். அது நைந்திருக்கிறதே என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னபோது, புதிய துணிக்கு மையித்தைவிட உயிரோடிருப்பவர்களே அதிக உரிமையுடையவர்கள் என்று பதில் தந்தார்கள். இறந்தவருக்கு நம் கம்பளி வேண்டியதில்லை. ஆனால் சதகாவின் நன்மை அவர்களுக்குப் போய்ச் சேரும். ஸஅதுப்னு உபாதா (ரலி) அவர்கள், தாம் ஊரில் இல்லாதபோது வஃபாத்தாகிவிட்ட தாயாருக்காகத் தருமம் செய்தால் பயன் தருமா என்று கேட்டார்கள். ஆம் என்று பதில் வந்ததும், தம் தோட்டத்தையே தாயார் பெயரில் சதகாவாக்கினார்கள்.

“உங்கள் தெருவில் தோள் நடுங்கும் மாமி வேறு யாரும் இல்லையா அம்மா?” என்று கேட்டோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருக்காங்க. நம்ம ஆளுங்க இல்லை, தறிக்காரர் வீட்டு அம்மா. மாமியும் அவங்களும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கிட்டே இருப்பாங்க” என்றார். அவர்களுக்கே பின்னுங்கள், மாமியின் நிய்யத்தில் கொடுங்கள் என்றோம். சொன்ன வாக்கை மாமியிடம் நேரில் நிறைவேற்ற முடியாமல் போனதற்கு அல்லாஹ்விடம் தவ்பாச் செய்து, அவர்களுக்காக துஆவும் கேட்கச் சொன்னோம். பிள்ளையின் டியூஷன் பாக்கியைக் கணவரிடம் சொல்லிவிடும்படியும் சொன்னோம். அதற்குத்தான் அதிக தைரியம் வேண்டியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

சில மாதம் கழித்து அதே ஊருக்கு ஒரு நிக்காஹ்வுக்காகப் போயிருந்தோம். கணவர் நம்மைத் தேடி வந்து ஸலாம் சொன்னார். பெட்டி இரண்டிலிருந்து ஒன்றாகியிருக்கிறதாம். பரண் மூட்டை மத்ரஸாவுக்குப் போய்விட்டதாம். ராட்டையை மகள் எடுத்துக் கொண்டு, நூல் அறுந்து அறுந்து போனாலும் விடாமல் சுற்றுகிறாளாம். தாம் வெளியில் குடிக்கும் டீயை ஐந்திலிருந்து இரண்டாக்கியதாக அவரே தாமாகச் சொன்னார், நாம் கேட்கவில்லை.

சால்வை முக்கால் வாசி முடிந்திருக்கிறது. ஆனால் எட்டு உருண்டையில் ஒன்றைப் பூச்சி அரித்துவிட்டதால் நூல் போதாது. அந்தச் சாயம் இப்போது கடையிலும் இல்லை. பெட்டியில் கிடக்கும் பச்சை நூலை வைத்து ஓரம் பின்னிவிடலாமா, பார்க்க ஒட்டுப் போட்டது போலத் தெரியுமே என்று மனைவி கேட்கச் சொன்னதாகச் சொன்னார்.

தாராளமாகப் பின்னலாம் என்று சொல்லி அனுப்பினோம்.